எடுத்துச் செல்லாத புதையல்

பெற்றோரும் பிள்ளைகளுமாகக் காட்டுப்பாதையில் நடந்து, கையிலுள்ள தாளில் கண்டவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் குறிப்பது அமெரிக்கப் பூங்காக்களில் பழகிப்போன ஒரு விளையாட்டு. மரங்கொத்தியும் அத்தகைய தேடலுக்கு உகந்ததொரு பறவை. கண்டால் போதும், எடுத்துக்கொள்ளக் கூடாது. புதையலை இருந்த இடத்திலேயே விட்டுவரும் இந்த வேட்டை நமக்கு இயல்பானதாகத் தோன்றினாலும், இதற்குப் பின்னே நெடியதொரு மனமாற்றத்தின் வரலாறு உண்டு.

முன்பெல்லாம் பறவையை அறிவதென்றால் சுடுவதென்றே பொருள். ஸ்காட்லாந்தில் நெசவாளராகவும் கவிஞராகவும் இருந்து அமெரிக்கா வந்த அலெக்ஸாண்டர் வில்சன், 1809இல் வட கரோலினாவின் வில்மிங்டன் அருகே தந்த அலகு மரங்கொத்தி ஒன்றைச் சுட்டார். காயத்தோடு பிடிபட்ட அது குழந்தையைப் போல அலறியது. விடுதி அறையில் விட்டுச் சென்றபோது ஒரு மணி நேரத்திற்குள் சுவரைக் குடைந்தது. மேசையில் கட்டிவைத்தபோது மேசையைச் சிதைத்தது. உணவை மறுத்து மூன்று நாட்களில் இறந்தது. வில்சன் அதைப் பார்த்து வரைந்தார், அதன் சாவுக்காக வருந்தவும் செய்தார்.

அந்த நூற்றாண்டின் இறுதியில்கூடக் கிறிஸ்துமஸ் நாளில் இரு அணியாகப் பிரிந்து, அதிகம் சுட்டு வீழ்த்துபவருக்கு வெற்றி என்ற போட்டி நடந்துவந்தது. 1900இல் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன், கொல்வதற்குப் பதிலாக எண்ணலாமே என்றார். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் அன்று 27 பேர் எண்ணினார்கள். வேட்டையின் பரபரப்பு அப்படியே இருந்தது, துப்பாக்கி மட்டும் இல்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் ஓர் ஆசிரியை தன் வகுப்பில் சிறுவர் பறவைக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். அக்கழகத்தைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் நண்பனுடன் நடந்தபோது, ஃபிளிக்கர் என்னும் மரங்கொத்தி அசைவற்றிருக்கக் கண்டான். இறந்துவிட்டது என்றெண்ணித் தொட்டான். களைத்துத் தூங்கிய பறவை திடுக்கிட்டு விழித்துப் பொன்னிறச் சிறகை விரித்துப் பறந்தது. அச்சிறுவன்தான் ரோஜர் டோரி பீட்டர்சன். 1934இல் அவர் வெளியிட்ட பறவைக் கையேடு, தொலைவிலிருந்தே இனம்காணும் அடையாளங்களைச் சிறு கோடுகளால் சுட்டிக்காட்டியது. பறவையைக் கையில் வைத்திருந்தால்தான் பெயர் சொல்லமுடியும் என்ற நிலை மாறியது. காண்பதென்பது குடும்பங்களுக்கும் உரியதாயிற்று.

ஆனால் காண்பது மட்டும் காப்பாற்றிவிடுமா? வில்சனின் மரங்கொத்தியே இதற்குச் சான்று. புதிதாகப் பட்ட பெருமரங்களின் பட்டைக்கடியில் வாழும் வண்டுப்புழுக்களே அதன் முதன்மை உணவு. ஆகவே முதுமரங்கள் நிறைந்த பெருங்காடு அதற்கு வேண்டும். லூசியானாவில் சிங்கர் தையல் இயந்திர நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்த காடு அதன் கடைசிப் புகலிடங்களுள் ஒன்று. ஜேம்ஸ் டானர் 1937 முதல் 1939 வரை அதை அங்கே ஆராய்ந்தார். பீட்டர்சனும் 1942இல் அங்கே சென்று இரண்டு பறவைகளைக் கண்டார். மரம் வெட்டும் உரிமை பெற்ற நிறுவனமோ, மாநில ஆளுநர்கள் வேண்டியும் கோடரியை நிறுத்தவில்லை. 1944 ஏப்ரலில் ஓவியர் டான் எக்கல்பெர்ரி, வெட்டியழித்த காட்டின் நடுவே எஞ்சிய ஒரேயொரு பெண்பறவையை வரைந்தார். ஐயத்திற்கிடமின்றி அனைவரும் ஏற்கும் கடைசிக் காட்சி அதுவே. 2004இல் ஆர்கன்சாவில் கண்டதாக எழுந்த செய்தி இன்றுவரை விவாதத்துக்குரியது.

அப்பறவைக்குக் கடைசியில் பார்வையாளர்களுக்குக் குறைவில்லை, மரங்களுக்குத்தான் குறைவு. ஆகவே தாளோடு நடக்கும் குழந்தைக்குப் பறவையைக் காட்டுவதோடு, அது துளையிட்ட பட்ட மரத்தையும் காட்டவேண்டும். விறகென்று நாம் நினைப்பது அதற்கு வீடும் உணவுமாகும். அந்த மரத்தையும் இருந்த இடத்திலேயே விட்டுவைத்தால்தான் அடுத்த ஆண்டும் தேடுவதற்குப் புதையல் இருக்கும்.