வளர்ச்சி வங்கியின் நீர்க்கொள்கை: செயலாக்க மதிப்பாய்வும் ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகையும்

வளர்ச்சி வங்கி ஒன்று நீர் பற்றி எழுத்தில் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளைத் தன் கடன்களில் எந்த அளவுக்குக் கடைப்பிடித்தது என்று சரிபார்ப்பதே நீர்க்கொள்கைச் செயலாக்க மதிப்பாய்வு. மணிலாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய வளர்ச்சி வங்கி 2001இல் ‘அனைவருக்கும் நீர்’ என்ற கொள்கையை ஏற்றது. ஆற்றுப்படுகை முழுவதையும் ஒன்றாகக் கருதி நிர்வகிப்பதும் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதும் அதன் முக்கியக் கூறுகள். சில ஆண்டுகளில் கொள்கை விரிவாக மறுபரிசீலனை செய்யப்பட்டது. 2006இல் அறிவித்த நீர் நிதித்திட்டத்தில் நீர்த்துறை முதலீட்டை ஆண்டுக்கு 200 கோடி டாலருக்கு மேல் உயர்த்துவது, 25 படுகைகளில் ஒருங்கிணைந்த மேலாண்மையைக் கொண்டுவருவது ஆகியவை இலக்குகளாயின. இத்தகைய இலக்குகள் வங்கி செய்யும் வேலையைச் சொல்லும். தண்ணீருக்கு என்ன ஆனது என்று சொல்லாது. படுகையில் நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் இருக்கிறது, எவ்வளவு உப்பேறியிருக்கிறது என்பதே மதிப்பாய்வின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் திருவள்ளூர் மாவட்டத்தின் அரை நூற்றாண்டு அனுபவம் இதற்கு வலுவான சான்று.

1960களின் பிற்பாதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு நடந்த ஆய்வு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் வளமான நிலத்தடி நீர் இருப்பதைக் கண்டறிந்தது. ஆழ்குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. மீஞ்சூர்த் தண்ணீர் மணலித் தொழிற்சாலைகளுக்குப் போனது. சுற்றிலும் விவசாயிகளின் போர்வெல்களும் ஓடின. கடலோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பை அது தள்ளி வைக்கும். மேலே ஒரு மீட்டர் குறைந்தால் அந்தக் காப்பும் அதே விகிதத்தில் சுருங்கும். 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை இருந்த கடல்நீர் ஊடுருவல், 1983இல் சுமார் 9 கி.மீ. உள்ளே வந்துவிட்டது. நல்ல பருவமழை நீர்மட்டத்தை ஒரே ஆண்டில் உயர்த்திவிடும்; களிமண்ணில் படிந்த உப்பு அத்தனை சீக்கிரம் வெளியேறாது. சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987இல்தான் வந்தது. கிணறுகள் தோண்டிய திட்டத்தைத் தனியே மதிப்பிட்டிருந்தால் அது வெற்றியாகவே தெரிந்திருக்கும்: கிணறுகள் கிடைத்தன, தண்ணீர் வந்தது, ஆலைகள் இயங்கின.

‘நீர்த்துறை’ என்று முத்திரையிட்ட கடன்களை மட்டும் எண்ணுவது இன்னொரு பிழை. விசாகப்பட்டினம்–சென்னை தொழில் வழித்தடத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் 63.1 கோடி டாலருக்கு ஒப்புதல் அளித்தது. அந்தப் பணம் ஆந்திரத்துக்கானது. வழித்தடமோ கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் சென்னைக்கு வருகிறது. சாலையும் மின்சாரமும் ஆலைகளை அழைத்துவர, ஆலைகள் தண்ணீர் கேட்கும். அதே கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில்தான் சென்னைக் குடிநீருக்காக 500 மில்லியன் கனஅடி கொள்ளளவுள்ள கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020இல் திறக்கப்பட்டது. தொழில், நகரம், வயல் ஆகிய மூன்றும் ஒரே படுகையிடம் கை நீட்டும் இடத்தில், ஒன்றை மட்டும் கணக்கில் எழுதினால் கணக்கு சரிவராது. ஆலைகளுக்கு வேறு நீர் கொடுக்க முடியும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களிலேயே கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கின. 2019இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மறுசுத்திகரிப்பு நிலையம் வந்தது. படுகைக்கு இதுவரை கிடைத்த நிவாரணங்களில் இந்தக் கழிவுநீர் மறுபயன்பாட்டையே நான் முதலாவதாக வைப்பேன்.

நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்துவது மாநில அரசின் பொறுப்பு, கடன் கொடுத்தவரை அதற்குக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2003இல் இயற்றிய தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டதற்கு எந்த வங்கியும் பொறுப்பல்ல. மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு வங்கி நிபந்தனை போடுவதும் விரும்பத்தக்கதல்ல. ஆனால் இங்கே கேட்பது நிபந்தனையை அல்ல, அளவீட்டை. படுகையைப் பற்றிப் பேசியது வங்கியின் சொந்தக் கொள்கை. அதன்படி தன்னையே அளந்துகொள்ள எந்த அரசின் அனுமதியும் தேவையில்லை.

சென்னையின் வடபகுதியில் கொசஸ்தலையாறு படுகைக்கு இவ்வங்கி தந்த 25.1 கோடி டாலர் வெள்ளத்தடுப்புக் கடனையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 588 கி.மீ. புதிய மழைநீர் வடிகால் இதில் அடங்கும். மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் தொட்டிகளும் உண்டு. மணலியிலும் அம்பத்தூரிலும் வெள்ளத்தில் தவித்த குடும்பங்களுக்கு இந்த வடிகால் அவசியம். அதைக் குறைத்துப் பேச இடமில்லை. எனினும் கி.மீ. கணக்கு முடிந்ததும் மதிப்பாய்வும் முடிந்துவிடக் கூடாது. தொட்டியில் வண்டல் அடைத்துக்கொண்டால் மழைநீர் நிலத்தில் இறங்காமல் எண்ணூர் முகத்துவாரத்துக்கே போய்ச் சேரும். நிலத்தடி நீர் பல காரணங்களால் ஏறி இறங்கும், ஒரு கடனின் பங்கைப் பிரித்தறிய முடியாது என்ற தடை பாதி உண்மை. துல்லியமாகப் பிரிக்க இயலாவிட்டாலும், கடனுக்கு முன்பும் பின்பும் தொட்டிகள் உள்ள தெருக்களின் கிணறுகளையும் இல்லாத தெருக்களின் கிணறுகளையும் ஒப்பிடலாம். நீர்வளத் துறை இப்படுகையில் கண்காணிப்புக் கிணறுகளை ஏற்கெனவே அளந்துவருகிறது. அந்த நீர்மட்டத்தையும் உப்பளவையும் கடனின் முன்னேற்ற அறிக்கையில் ஆண்டுதோறும் சேர்த்து, தமிழிலும் வெளியிட்டால், மீஞ்சூர் விவசாயி தன் கிணற்று நிலவரத்தை அதோடு ஒத்துப்பார்த்துக்கொள்ள முடியும்.