பச்சைத் திரையும் மவுஸும்: ஏ.எஸ்/400 கணினியின் கதை

மெயின்ஃப்ரேம் என்கிற ராட்சதக் கணினிக்கும் மேசை மேல் இருக்கும் பி.சி.க்கும் நடுவில் ஒரு வகை உண்டு. மிட்ரேஞ்ச் கணினி என்பார்கள். சரக்கு இருப்பு, பில், சம்பளப் பட்டியல், பேரேடு என்று ஒரு நடுத்தர நிறுவனத்தின் அன்றாட வேலை முழுவதையும் சுமப்பது இதுதான். இந்த வகையில் பெயர் பெற்றது ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.எஸ்/400. அதை நிர்வகிக்கும் வேலை கட்டளைகளிலிருந்து மவுஸுக்கு மாறிய கதை கொஞ்சம் விசித்திரமானது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அந்த மாற்றம் முழுதாக நடக்கவில்லை! ஏன் நடக்கவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பச்சைத் திரைக் காலம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊர். ஐ.பி.எம்.மின் மிட்ரேஞ்ச் கணினிகள் உருவான இடம். 1978ல் சிஸ்டம்/38, 1983ல் சிஸ்டம்/36 என்று இரண்டு குடும்பங்கள் வந்தன. இரண்டையும் சேர்த்து 1988 ஜூனில் அறிவித்ததுதான் ஏ.எஸ்/400. வாங்கியவர்களில் பலர் கணினித் துறை என்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ள வசதியில்லாத நிறுவனங்கள். ஒன்றிரண்டு பேரை வைத்தே ஓட்டிவிடலாம் என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி.

அந்த ஒன்றிரண்டு பேர் பார்த்தது 5250 வகை டெர்மினலை. கறுப்புப் பின்னணி, பச்சை எழுத்து, 24 வரி, வரிக்கு 80 எழுத்து. ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் அது கணினிக்குப் போகாது. திரை முழுவதையும் நிரப்பி என்டர் தட்டினால்தான் மொத்தமாகப் போகும். அதனால் ஒரே ஒரு ப்ராசஸர் பல குமாஸ்தாக்களுக்கு ஒரே சமயத்தில் ஈடுகொடுக்க முடிந்தது.

கட்டளைகளுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. பெரும்பாலும் மூன்றெழுத்து வினைச்சொல் முதலில் வரும். க்ரியேட் என்றால் சி.ஆர்.டி., டிஸ்ப்ளே என்றால் டி.எஸ்.பி., டெலீட் என்றால் டி.எல்.டி. அதன் பின்னால் பொருளின் பெயர். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைப் பார்க்க "வொர்க் ஆக்ட் ஜாப்". சில வினைச்சொற்களும் சில பெயர்ச்சொற்களும் தெரிந்தால், இதுவரை பார்க்காத கட்டளையைக் கூட ஊகித்துவிடலாம். மறந்துபோனால் எஃப்4 தட்டினால் போதும். அந்தக் கட்டளைக்கு என்னென்ன விவரம் வேண்டும் என்று ஒரு படிவமே விரியும். டேலியில் வவுச்சர் போடுபவர்கள் மவுஸைத் தொடாமலே எஃப்5, எஃப்6 என்று பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேகம் புரியும்.

மவுஸ் ஏன் வந்தது?

1995ல் ஏ.எஸ்/400 உள்ளுக்குள் 64-பிட் ப்ராசஸருக்கு மாறியது. அன்றைக்கு அது பெரிய பாய்ச்சல். ஆனால் வெளியே தெரிந்தது அதே பச்சைத் திரை. அதே வருடம் விண்டோஸ் 95 வந்தது. வண்ண ஐகான்களைப் பார்த்துப் பழகிய நிர்வாகிகளுக்கு ஏ.எஸ்/400 பழைய சரக்காகத் தெரிந்தது.

அதைவிடப் பெரிய பிரச்சினை ஆட்கள். கட்டளை தெரிந்த ஒருவர் வேலையை விட்டால், அவர் தலைக்குள் இருந்த அறிவும் அவரோடு போய்விடும். புதிதாக வேலைக்கு வருகிறவருக்கோ விண்டோஸ்தான் தெரியும்.

இதற்கு ஐ.பி.எம். கொடுத்த பதில் ஆபரேஷன்ஸ் நேவிகேட்டர். 1990களின் பிற்பகுதியில் வந்தது. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் மாதிரியே இருக்கும். இடது பக்கம் மரம் போலப் பிரியும் பட்டியல், வலது பக்கம் விவரம். பயனர், பிரிண்டர், நெட்வொர்க், டேட்டாபேஸ் எல்லாம் அதில் அடக்கம். வலது பட்டனை அழுத்தினால் என்ன செய்யலாம் என்று அதுவே சொல்லும்.

சில வேலைகளில் இது உண்மையிலேயே ஜெயித்தது. 2000ல் சேர்க்கப்பட்ட விஷுவல் எக்ஸ்ப்ளைன் நல்ல உதாரணம். ஒரு டேட்டாபேஸ் கேள்விக்குக் கணினி எந்த வழியில் போய்ப் பதில் தேடுகிறது என்பதைப் படமாக வரைந்து காட்டும். எங்கே நேரம் வீணாகிறது என்று பார்த்தவுடனே தெரியும். பச்சைத் திரையில் அதையே வரி வரியான செய்திகளைப் படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

விலையும் ஒரு ஆயுதம்

வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 1990களின் பிற்பகுதியிலிருந்து ஐ.பி.எம். தன் சர்வர் மாடல்களில் பச்சைத் திரை வேலைக்கு உரிய திறனைத் தனியாகப் பிரித்து விலை வைத்தது. அதிக டெர்மினல் வேலை நடக்க வேண்டுமா? அதிகப் பணம். 2004ல் வந்த ஐ5 வரிசையில் இது அப்பட்டமாகவே தெரிந்தது. மலிவான ஸ்டாண்டர்ட் எடிஷனில் பச்சைத் திரை அப்ளிகேஷன்களுக்குத் திறன் ஒதுக்கீடு பூஜ்யம். வேண்டுமென்றால் விலை கூடிய என்டர்பிரைஸ் எடிஷன். இரும்பு ஒன்றுதான், விலை மட்டும் வேறு! வாடிக்கையாளர்கள் இதைப் பச்சைத் திரை வரி என்றே கிண்டல் செய்தார்கள்.

இந்த வரி நிர்வாகக் கருவிகளை விட அப்ளிகேஷன்களைத்தான் அதிகம் தாக்கியது. இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

ஆனாலும் ஏன் போகவில்லை?

முதல் காரணம், கட்டளையைச் சேமித்து வைக்கலாம். ஒரு நிறுவனத்தில் புதிதாக 40 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மவுஸால் செய்தால் 40 முறை விண்டோ திறந்து 40 முறை நிரப்ப வேண்டும். கட்டளை என்றால் ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி, இரவு இரண்டு மணிக்கு ஓடச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இரண்டாவது, தடயம். தட்டிய கட்டளை ஜாப் லாகில் அப்படியே பதிவாகும்படி செய்யலாம். யார், எப்போது, என்ன செய்தார் என்பது ஆடிட்டருக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு க்ளிக்கை மறுநாள் யாரும் எடுத்துப் படிக்க முடியாது.

மூன்றாவது, ஆபத்து நேரம். கணினி முழுவதையும் பேக்கப் எடுக்கும்போது மற்ற வேலைகளை எல்லாம் நிறுத்த வேண்டும். அப்போது நெட்வொர்க் சேவையும் நின்றுவிடும். நெட்வொர்க்கை நம்பிய நேவிகேட்டரும் கூடவே படுத்துவிடும். கன்சோலில் இருக்கும் பச்சைத் திரை மட்டும்தான் விழித்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து மேய்க்க நேவிகேட்டருக்குள் மேனேஜ்மென்ட் சென்ட்ரல் என்று ஒரு வசதி வந்தது. அதன் பயனுள்ள வேலைகளில் ஒன்று, ஒரே கட்டளையை எல்லாக் கணினிகளிலும் ஓட்டுவது! மவுஸின் பின்னால் நின்றதும் கட்டளைதான்.

இன்றைய நிலை

பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஏ.எஸ்/400 என்பது 2000ல் ஐசீரிஸ், 2006ல் சிஸ்டம் ஐ, 2008ல் ஐ.பி.எம். ஐ என்ற இயங்குதளம். கருவியும் 2002ல் ஐசீரிஸ் நேவிகேட்டர் ஆனது, 2008ல் சிஸ்டம் ஐ நேவிகேட்டர் ஆனது. அதே 2008ல் பிரவுசரில் இயங்கும் வடிவமும் வந்தது. பி.சி.யில் நிறுவும் பழைய வடிவம் விண்டோஸ் 10க்கு ஏற்கப்படவே இல்லை. அது இடம்பெற்ற விண்டோஸ் தொகுப்புக்கான ஆதரவு 2019 ஏப்ரலில் முடிந்தது. பிரவுசர் வடிவத்தை 2021ல் புதிதாகவே எழுதி வெளியிட்டார்கள்.

கவனியுங்கள். பச்சைத் திரையை ஒழிக்க வந்ததாகப் பேசப்பட்ட விண்டோஸ் கருவி ஓய்வு பெற்றுவிட்டது. பச்சைத் திரை இன்னும் இருக்கிறது. இப்போதைய இணைப்புத் தொகுப்பில் 5250 திரையும் வண்ண ஜன்னல்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. 2010களில் மூன்றாவது வழியும் சேர்ந்தது. ஓடும் வேலைகளின் பட்டியலையே ஒரு டேபிள் போல எஸ்.க்யூ.எல்.லில் கேட்டு வாங்கலாம். அதுவும் எழுதிச் சேமிக்கக் கூடியதுதான்.

புதிதாக வருகிறவர் பயமில்லாமல் உள்ளே நுழைய மவுஸ் கதவைத் திறந்தது. அது சின்ன விஷயம் இல்லை. ஒரே ஆளை நம்பியிருந்த எத்தனையோ நிறுவனங்களுக்கு அது பாதுகாப்பு. ஆனால் செய்த வேலையைத் திரும்பச் செய்யவும், செய்ததற்குக் கணக்குக் காட்டவும் எழுத்துதான் தேவைப்பட்டது. வவுச்சர் இல்லாத பதிவை எந்தக் கணக்காளரும் ஏற்பதில்லை. பச்சைத் திரை இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததற்கும் காரணம் ஏறக்குறைய அதுதான்.