சிஹிரின்: காவல் ஊர் தலைநகரமும் பாழ்நிலமும் ஆன வரலாறு

நீப்பர் ஆற்றின் வலக்கரைப் பகுதியில், அதன் துணையாறான தியாஸ்மின் வளைந்தோடும் இடத்தில் ஒரு பாறைக் குன்றின் அடிவாரத்தில் அமைந்த சிஹிரின், இன்று உக்ரைனின் செர்காசி மாகாணத்தில் ஒரு சிற்றூர் மட்டுமே. ஆயினும் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வார்சாவிலிருந்தும் மாஸ்கோவிலிருந்தும் இஸ்தான்புல்லிலிருந்தும் தூதர்கள் இவ்வூருக்கு வந்தனர். அடுத்த தலைமுறைக்குள் இங்கு எவரும் குடியேறலாகாது என்று இரண்டு அரசுகள் ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை ஏற்றமும் இத்தனை வீழ்ச்சியும் கண்ட ஊர்கள் கிழக்கு ஐரோப்பாவில் அரிது.

1569-இல் லூப்ளின் நகரில் போலந்தும் லித்துவேனியாவும் ஒரே பொது அரசாக இணைந்தபோது, அதுவரை லித்துவேனியாவின் ஆட்சியிலிருந்த கீவ் மாகாணம் போலந்து முடியின் கீழ் வந்தது. அம்மாகாணத்தின் தெற்கே பரந்து கிடந்த புல்வெளியில் நிலையான ஆட்சியோ காவலோ இல்லை. கிரிமியத் தாத்தாரியரின் குதிரைப்படைகள் அவ்வழியே வந்து ஊர்களைச் சூறையாடி, மக்களைப் பிடித்துச் சென்று அடிமைச் சந்தைகளில் விற்றன. பண்ணையடிமைத்தனத்துக்குத் தப்பிய உழவர்களும், வேட்டையாடியும் மீன் பிடித்தும் பிழைத்தவர்களும், நிலமற்ற சிறு பிரபுக்களும் அதே புல்வெளியில் ஆயுதமேந்திக் கூடி, தம் தலைவரைத் தாமே தேர்ந்தெடுத்து வாழ்ந்தனர்; இவர்களே கொசாக்குகள். இந்த எல்லையைக் காக்கவே சிஹிரினில் ஒரு கோட்டை வேண்டியிருந்தது. 1592-இல் மன்னர் மூன்றாம் சிகிஸ்மண்ட் இவ்வூருக்கு மாக்டபுர்க் உரிமை வழங்கினார். ஜெர்மானிய நகரமான மாக்டபுர்க்கின் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்ட இவ்வுரிமை, ஓர் ஊருக்குத் தனி மன்றத்தையும் தனி நீதிமன்றத்தையும் அளித்து, அதைத் தன்னாட்சியுள்ள நகரமாக்கியது.

போலந்து அரசுக்குக் கொசாக்குகளின் வாள் தேவைப்பட்டது. ஆனால் வாளேந்தியவருக்குரிய உரிமைகளை அவர்களுக்குத் தர அதற்கு மனமில்லை. சிஹிரினின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த முரண்பாட்டிலிருந்தே கிளைக்கிறது. அரசு கண்ட வழி ஒரு பெயர்ப்பட்டியல். பட்டியலில் இடம்பெற்றவர் ஊதியம் பெறும் ‘பதிவு பெற்ற கொசாக்’. அவர் எந்தப் பிரபுவுக்கும் அடிமையல்லர். பட்டியலுக்கு வெளியே நின்றவர், எத்தனை போர்களில் குருதி சிந்தியிருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெறும் உழவரே. 1572-இல் 300 பேருக்காகத் தொடங்கிய பட்டியல், 1625-இல் 6,000 பேராக வரையறுக்கப்பட்டது. போர் வந்தால் அரசு பல்லாயிரம் பேரைத் திரட்டும். போர் முடிந்தால் எஞ்சியவர்களைப் பண்ணைக்குத் திரும்பச் சொல்லும். இதை எதிர்த்தெழுந்த கிளர்ச்சிகளை அடக்கிய பின், 1638-இல் நாடாளுமன்றம் பிறப்பித்த ஆணை கொசாக்குகளின் தலைவர் தேர்தலையே ஒழித்து, படைப்பிரிவுகளைப் பிரபுக்களின் கையில் ஒப்படைத்தது.

அந்த ஆணையால் பதவியிறக்கம் பெற்றவர்களுள் ஒருவர் பொஹ்தான் ஹ்மெல்னித்ஸ்கி. அவருடைய தந்தை சிஹிரின் ஸ்தாரோஸ்தாவின், அதாவது மன்னருக்குரிய நிலங்களை நிர்வகித்த அதிகாரியின், கீழ் பணியாற்றி, அருகிலுள்ள சுபோத்திவ் பண்ணையைப் பெற்றவர். 1620-இல் செசோரா போரில் இறந்தார். கொசாக் படையின் எழுத்தராயிருந்த மகன் 1638-க்குப் பின் சிஹிரினில் நூறுவர் படைத்தலைவராக மட்டும் எஞ்சினார். சிஹிரின் துணை ஸ்தாரோஸ்தாவான தானியேல் சாப்லின்ஸ்கி சுபோத்திவைக் கைப்பற்றிக்கொண்டபோது, ஹ்மெல்னித்ஸ்கிக்கு நீதிமன்றத்திலும் அரசவையிலும் நியாயம் கிடைக்கவில்லை. 1647-இன் இறுதியில் அவர் கொசாக்குகளின் தன்னாட்சித் தளமான சாப்பரோஜியன் சீச்சுக்குத் தப்பிச் சென்றார்.

பெரும் போர் ஒன்று ஒரு பண்ணைத் தகராறிலிருந்து பிறந்ததாகச் சொல்வது கதைக்குச் சுவை கூட்டலாம்; வரலாற்றை அது விளக்காது. பிரபுக்களிடம் நிலத்தை இழந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுள் ஒருவருடைய வழக்கு பேரரசை உலுக்கியதற்குக் காரணம், பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட, போர்ப்பயிற்சி பெற்ற ஒரு பெருங்கூட்டம் தலைவரைத் தேடிக் காத்திருந்ததுதான். கிரிமியக் கானுடன் கூட்டுச் சேர்ந்த ஹ்மெல்னித்ஸ்கி, 1648 மே மாதத்தில் ஷோவ்தி வோதியிலும் கோர்சுனிலும் போலந்துப் படைகளை அடுத்தடுத்து நொறுக்கி, அவற்றின் தலைமைத் தளபதிகள் இருவரையும் சிறைப்பிடித்தார்.

இந்த வெற்றியின் மறுபக்கத்தைச் சொல்லாமல் கடப்பது அறமாகாது. பிரபுக்கள் தம் ஆலைகளையும் சாராயக் கடைகளையும் வரி வசூலையும் யூதர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்ததால், உழவரின் கண்ணில் ஒடுக்குமுறையின் முகமாகத் தெரிந்தவர் பெரும்பாலும் குத்தகைதாரரே. எழுச்சி பரவிய ஊர்களிலெல்லாம் யூதர்கள், குத்தகையோடு தொடர்பே இல்லாத ஏழைகளும் குழந்தைகளும் உட்பட, ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். கத்தோலிக்கப் போலந்து மக்களும் தப்பவில்லை. அந்நாள்களில் உயிர் பிழைத்து வெளியேறிய நாத்தான் ஹன்னோவர் எழுதிய எபிரேய நூல் 1653-இல் வெனிஸில் அச்சாயிற்று. உக்ரைனியர் விடுதலை வீரராகப் போற்றும் அதே மனிதர் யூதர்களின் நினைவில் கொடுங்கனவாக நிலைத்திருக்கிறார். இரண்டு நினைவுகளுக்கும் சான்று உண்டு.

1649-இல் ஸ்போரிவில் எழுதப்பட்ட உடன்படிக்கை பட்டியலை 40,000 பேராக உயர்த்தி, கீவ், பிராத்ஸ்லாவ், செர்னிஹிவ் மாகாணங்களைக் கொசாக் படைக்கு விட்டுக்கொடுத்ததோடு, சிஹிரினையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஹெட்மனின் செங்கோலுக்கு உரியதாக்கியது. ஹெட்மன் என்பவர் கொசாக்குகளின் தலைமைத் தளபதி. குண்டாந்தடி வடிவிலான ‘புலாவா’ அவருடைய பதவிச் சின்னம். காவல் ஊர் இவ்வாறு தலைநகரமாயிற்று. 1650-இல் வெனிஸ் குடியரசு துருக்கியருக்கு எதிராகக் கொசாக்குகளைத் திரட்ட அல்பெர்த்தோ விமினாவைத் தூதராக அனுப்பியது. 1654-இல் மாஸ்கோ ஜாரின் பாதுகாப்பை ஏற்ற ஹ்மெல்னித்ஸ்கி, 1657 ஆகஸ்டில் சிஹிரினிலேயே இறந்து, தாம் சுபோத்திவில் கட்டிய புனித எலியா தேவாலயத்தில் அடக்கமானார். 1664-இல் போலந்துத் தளபதி ஸ்தெபான் சார்நியெத்ஸ்கி சுபோத்திவை எரித்தபோது ஹ்மெல்னித்ஸ்கியின் எலும்புகள் வெளியே வீசப்பட்டதாகக் கொசாக் மரபு கூறும்.

‘ருயினா’, அதாவது பாழ்க்காலம், என்று உக்ரைனிய வரலாற்றாசிரியர்கள் குறிக்கும் ஆண்டுகள் அதன் பின் வந்தன. 1667-இல் அந்துருசோவோ ஒப்பந்தத்தால் போலந்தும் மாஸ்கோவும் நீப்பரை எல்லையாக்கி நாட்டைப் பிளந்தன. சிஹிரினில் பிறந்த ஹெட்மன் பெத்ரோ தொரோஷென்கோ, இரு கரைகளையும் மீண்டும் இணைக்கும் நோக்கோடு உதுமானியச் சுல்தானின் துணையை நாடினார். அந்தத் துணை அவருக்கு வலிமையைவிடப் பழியையே மிகுதியாகத் தந்தது. 1676-இல் அவர் ஊரை மாஸ்கோப் படையிடமும் இடக்கரை ஹெட்மன் சமோய்லோவிச்சிடமும் ஒப்படைத்தார். மறு ஆண்டே உதுமானியர் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினர். 1678 கோடையில் தலைமை அமைச்சர் காரா முஸ்தபாவே பெரும்படையுடன் வந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வியன்னாவை முற்றுகையிட்டவரும் இவரே.

அம்முற்றுகையைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிக விரிவான பதிவு, ஜாரின் படையில் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர் பாட்ரிக் கார்டனின் நாட்குறிப்பு. சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்து மதிலைப் பிளந்த துருக்கியரை, உள்ளிருந்தோர் வாரக்கணக்கில் தடுத்து நின்றனர்; கோட்டைத் தலைவர் இவான் ர்ஷெவ்ஸ்கி குண்டுக்கு இரையானதும் கார்டன் பொறுப்பேற்றார். மாஸ்கோத் தளபதி ரொமொதனோவ்ஸ்கியும் சமோய்லோவிச்சும் தலைமையேற்ற துணைப்படை ஊருக்கருகே நின்றும் முற்றுகை விலகவில்லை. மாறாக ஊரைக் கைவிடுமாறு ஆணை வந்தது. பின்வாங்கும்முன் கார்டன் வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைத்தார்; உள்ளே நுழைந்த துருக்கிய வீரர்கள் திரளாக மாண்டனர்; கோட்டையும் அழிந்தது. சமாதானத்துக்கு இவ்வூர் தடையென்று மாஸ்கோ அரசவை முன்னரே எண்ணியிருந்தது என வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். வலக்கரை மக்களைச் சமோய்லோவிச்சின் படைகள் பலவந்தமாக இடக்கரைக்கு ஓட்டிச் சென்றதையும் சேர்த்துப் பார்த்தால், அக்கருத்தை எளிதில் ஒதுக்க இயலாது.

1686-இல் போலந்தும் மாஸ்கோவும் செய்துகொண்ட ‘நிலையான சமாதானம்’, நீப்பர் ஓரமாகச் சிஹிரின் வரையிலான வலக்கரைப் பட்டையைக் குடியற்ற நிலமாகவே விட வேண்டுமென்று விதித்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வலக்கரைக்குத் திரும்பிய போலந்துப் பிரபுக்கள், சில ஆண்டுகளுக்கு வரியும் உழைப்புக் கடமையும் இல்லையென்று வாக்களித்து உழவர்களை வரவழைத்தனர்; சலுகைக் காலம் முடிந்ததும் பழைய பண்ணைக் கடமைகள் மீண்டன. போலந்துப் பிரபுக்களுக்கு எதிரான 1768-இன் பெருங்கிளர்ச்சிக்கு மக்சிம் ஷலிஸ்னியாக் ஆள் திரட்டியது சிஹிரினுக்கு அருகிலுள்ள மோத்ரோனா மடாலயப் பகுதியில்தான். அதிலும் போலந்தியரும் யூதரும் பெருமளவில் கொல்லப்பட்டனர். 1793-இல் போலந்தின் இரண்டாம் பிரிவினையால் இப்பகுதி ரஷ்யப் பேரரசில் சேர்ந்தபோதும், வலக்கரையின் போலந்துப் பிரபுக்களுள் பெரும்பாலோர் தம் பண்ணைகளை இழக்கவில்லை. பண்ணையடிமைத்தனம் 1861 வரை நீடித்தது. அது ஒழிந்த பின்னும் நிலம் கிடைக்காத சிஹிரின் வட்டாரத்து உழவர்களிடையே, பிரபுக்களுக்கு எதிராக எழுமாறு ஜாரே ஆணையிட்டதாகப் புரட்சியாளர் யாக்கிவ் ஸ்தெபனோவிச்சும் அவருடைய தோழர்களும் ஒரு போலி ஆணையைப் பரப்பினர். ஏறத்தாழ ஆயிரம் பேர் அதை மெய்யென நம்பி இரகசியப் படையில் சேர்ந்தனர். 1877-இல் அரசு அதைக் கண்டுபிடித்து நூற்றுக்கணக்கானோரைச் சிறைப்படுத்தியது.