ஓரை: ஒரு சொல்லின் வரலாறு

தென்காசியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட பிற்காலப் பாண்டியரின் கல்வெட்டுகள், ஆட்சியாண்டோடு திங்கள், கிழமை, விண்மீன் ஆகியவற்றையும் சேர்த்தே காலத்தைக் குறிக்கும். விண்மீன் பெயரை அடுத்து நிற்கும் சொல் 'நாள்' என்பதாகும். மதி வானை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27 நாள்கள் ஆகும். அது நாளுக்கொன்றாகச் சென்று தங்கும் 27 மீன்கூட்டங்களும் நாள்மீன் எனப் பெயர் பெற்றன. இச்சொல் தமிழ்ச்சொல் என்பதில் ஐயமில்லை. ஞாயிற்றின் வழியில் அமைந்த 12 இராசிகளைக் குறிக்கும் 'ஓரை' என்னும் சொல்லோ நெடிய விவாதத்திற்கு இடமாயிற்று.

தொல்காப்பியக் களவியலில் ஓரையும் நாளும் ஒரே நூற்பாவில் இணைந்து வருகின்றன. நெல்லை நாடு தந்த பேரறிஞர் எஸ். வையாபுரிப்பிள்ளை (1891–1956), ஓரை என்பது 'ஹோரா' என்னும் கிரேக்கச் சொல் வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்த வடிவமே என்றார். அதனைச் சான்றாக்கித் தொல்காப்பியத்தின் காலத்தையும் பின்னுக்குக் கொணர்ந்தார். கிரேக்கத்தில் அச்சொல் பருவத்தையும் பொழுதையும் குறிக்கும். வடமொழிச் சோதிடத்தில் அது இராசியின் பாதியையும் சுட்டும். 'அகோராத்திரம்' என்பது முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் கெட்டு 'ஹோரா' ஆயிற்று என்பாரும் உளர் என 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் குறித்துள்ளார்.

சங்கப் பாடல்களில் ஓரை என்பது மகளிர் விளையாட்டு. அவ்விளையாட்டிலிருந்து வானியற்பொருள் கிளைத்தது எனக் கொள்வது எளிதன்று. வடிவால் ஒத்த இரு சொற்கள் என்பதே பொருந்தும்.

எனினும், கடன்சொல் என ஒப்புவது வேறு; கடன் பெற்ற காலத்தை அறுதியிடுவது வேறு. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே யவனர் மரக்கலங்கள் முசிறிக்கு வந்தன. கிரேக்கச் சோதிடத்தை வடமொழியில் கூறும் யவனஜாதகத்தின் காலம் கி.பி. 269/270 என டேவிட் பிங்கிரி 1978இல் வெளியிட்ட பதிப்பில் கணித்தார். 2013இல் பில் மாக் ஏடுகளை மீண்டும் ஆய்ந்து, அக்கணிப்பு நிலைபெறாது எனக் காட்டினார். அளவுகோலே அசைந்த பின், ஒரு நூற்பாவின் ஒரு சொல்லைக் கொண்டு முழுநூலின் காலத்தை அளத்தல் இயலாது.

தமிழரின் வானறிவும் இவ்வொரு சொல்லைச் சார்ந்து நிற்பதன்று. பங்குனி இரவொன்றில் வீழ்ந்த விண்மீனைக் கண்டு, சேர மன்னனுக்குத் தீங்கு நேருமோ எனக் கூடலூர் கிழார் அஞ்சிய செய்தியைப் புறநானூற்றின் 229ஆம் பாடல் கூறுகிறது. ஏழாம் நாள் மன்னன் மறைந்தான். அப்பாடலில் அனுட மீன்கூட்டம் வளைந்த பனையாகவும், புனர்பூசம் குளமாகவும் பெயர் பெறுகின்றன. ஊர்ப்புறத்துப் பனையையும் குளத்தையும் வானில் கண்டவர்கள், வந்த சொல்லையும் ஏற்றுக்கொண்டனர். கடன்சொல் உண்டு என்பதால் கண்ட அறிவும் கடனாகிவிடாது.