பாட்டுக்கு ஒரு விலை: சாலினோ சான்செஸ்

மெக்சிகோ மக்களிடையே வழங்கும் கதைப்பாடலுக்குக் கொரிதோ என்று பெயர். எட்டசை கொண்ட அடிகள், நான்கு நான்கு அடிகளாலான கண்ணிகள், முதலிலிருந்து இறுதிவரை ஒரே மெட்டு. தொடக்கத்திலேயே நாளும் ஊரும் சொல்லப்பட்டுவிடும். நடுவில் ஒரு சண்டையோ காட்டிக்கொடுப்போ சாவோ வரும். முடிவில் பாடுபவர் அவையோரிடம் விடைபெற்றுக்கொள்வார். 1910இல் தொடங்கிய மெக்சிகோப் புரட்சியின்போது எழுத்தறியாத மக்களுக்குச் செய்தித்தாளாக விளங்கியவை இப்பாடல்களே. அதற்கும் முன்னர், 1901இல் டெக்சாஸ் மாநிலத்தில் ஷெரீஃப் ஒருவரைச் சுட்டுவிட்டுக் குதிரையேறித் தப்பிய கிரகோரியோ கோர்தேஸ் என்ற உழவரைப் பற்றி ஒரு கொரிதோ எழுந்தது. அந்த ஒரு பாடலையே ஆய்வுப்பொருளாகக் கொண்டு அமெரிகோ பரேதேஸ் 1958இல் வெளியிட்ட நூலை நாட்டார் வழக்காற்றியல் பயில்வோர் அறிந்திருப்பர்.

பழைய கொரிதோவில் பாட்டுடைத் தலைவன் முதலில் செயலைச் செய்வான். பாட்டு அதன்பின் எழும். கட்டியவர் யாரென்று பெரும்பாலும் தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஒழுங்கு மாறியது. தன்னைப் பற்றியோ, இறந்துபோன தன் தம்பியைப் பற்றியோ ஒரு பாட்டு வேண்டுமென்று விரும்பியவர், உரிய விலை கொடுத்து அதைக் கட்டச் சொல்லலாம் என்னும் நிலை பரவலாயிற்று. அதைத் தம் தொழிலாகவே கொண்டு புகழேறி, ஏறிய வேகத்திலேயே முப்பத்தொரு வயதில் கொல்லப்பட்டவர் சாலினோ சான்செஸ். இயற்பெயர் ரோசலினோ சான்செஸ் ஃபெலிக்ஸ்.

1960 ஆகஸ்ட் 30 அன்று, சினலோவா மாநிலத்தின் தலைநகரான குலியாகானைச் சார்ந்த ஒரு சிற்றூரில் அவர் பிறந்தார். வறுமை மிக்க குடும்பம்; தந்தையைச் சிறுவயதிலேயே இழந்தார்; பள்ளிப் படிப்பும் அதிகமில்லை. சினலோவாவின் மலைப்பகுதி பல பத்தாண்டுகளாகக் கசகசாவும் கஞ்சாவும் பயிராகும் நிலம். அங்கே துப்பாக்கி வீட்டுப் பொருள்களுள் ஒன்று. சாலினோவின் தமக்கையை ஊர்ச் சண்டியன் ஒருவன் பலவந்தப்படுத்தியதாகவும், சில ஆண்டுகள் கழித்து ஒரு விருந்தில் அவனைக் கண்ட சாலினோ சுட்டுக் கொன்றுவிட்டு வடக்கே தப்பியதாகவும் சொல்வார்கள். அப்போது அவருக்கு வயது பதினேழு இருக்கலாம். குடும்பத்தார் வாய்வழி வந்த இச்செய்தி, கேட்கும்போதே ஒரு கொரிதோவின் வடிவில் இருப்பதைக் கவனிக்கலாம். நாளும் இடமும் தெளிவாக இருக்கின்றன. பகையின் காரணம் நியாயமாக இருக்கிறது. எதிரியின் தரப்பு இல்லை. பொய்யென்று நான் சொல்ல வரவில்லை. பின்னாளில் அவர் மற்றவர்களுக்குக் கட்டிக் கொடுத்த பாடல்களும் இவ்வாறே அமைந்தவை என்பதற்காகச் சொல்கிறேன்.

எல்லை கடந்து வந்தவர் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட்டில் உறவினர் வீட்டில் தங்கினார். வயல்வேலை செய்தார், உணவகத்தில் தட்டுக் கழுவினார், பழைய கார்களை வாங்கி விற்றார். அண்ணன் அர்மாந்தோவுடன் சேர்ந்து ஆட்களைத் திருட்டுத்தனமாக எல்லை கடத்தும் வேலையிலும் ஈடுபட்டார். 1984இல் எல்லைநகரமான திஹுவானாவில் ஒரு விடுதியில் அர்மாந்தோ சுட்டுக் கொல்லப்பட்டார். சாலினோ கட்டிய முதல் கொரிதோ அந்த அண்ணனைப் பற்றியது. அதற்கு யாரும் விலை கொடுக்கவில்லை.

அதே காலப்பகுதியில் திஹுவானாவின் லா மேசா சிறையில் சில மாதங்கள் இருக்க நேர்ந்தது. அவர் தொழிலைக் கற்ற இடம் அது. சிறையில் இருந்தவர்கள் பெரும்பாலும் சில்லறைக் கடத்தல்காரர்களும் அடிதடிக்காரர்களும். அவர்களுள் கதையில்லாதவர் எவருமில்லை. கதையைச் செய்யுளாக்கத் தெரிந்தவர்தாம் அரியர். சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு சாலினோ பாட்டாக்கினார். வெளியே வந்தபின் லாஸ் ஏஞ்சலஸிலும் அது தொடர்ந்தது. ஊரின் பெயர், உடன்பிறந்தோர் பெயர், நம்பகமான நண்பர்களின் பெயர், துப்பாக்கியின் வகை, சண்டை நடந்த நாள் ஆகியவற்றைக் கேட்டவர் கொண்டுவருவார். சில நாள்களில் பாட்டு தயாராகிவிடும். கைம்மாறு பெரும்பாலும் பணமாக வரும். சில வேளைகளில் கைக்கடிகாரமாகவோ துப்பாக்கியாகவோ வந்ததும் உண்டென்பர். பரிசில் என்று சொல்லத் தோன்றும். ஆயினும் பரிசில் பாட்டுக்குப் பின் வருவது. இங்கே பேரம் பாட்டுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இதைப் பற்றிப் பேசுவோர் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவது வழக்கம். கொலைகாரர்களுக்கு மாலை சூட்டிய கூலிப்பாடகர் என்பது ஒரு கட்சி. ஏழைகளின் குரல் என்பது மற்றொன்று. இரண்டும் அவருடைய பாடல்களைச் சரியாகக் கேட்டவர்களின் கூற்றாக எனக்குப் படவில்லை. அவர் பாடிய மனிதர்களுள் பெருங்கடத்தல்காரர் சிலரே. ஏனையோர் எந்தப் பத்திரிகையும் பொருட்படுத்தாத மலையூர் ஆள்கள். அவர்களின் சாவு காவல்நிலையக் குறிப்புக்கு மேல் எங்கும் பதிவாகியிராது. அந்த ஊர்ப்பெயர்களும் ஆள்பெயர்களும் ஒலிநாடாவில் ஏறியது ஒரு பெரிய காரியந்தான். ஆனால் பாட்டில் இருப்பது விலை கொடுத்தவரின் தரப்பு. சாலினோ எதையும் சரிபார்க்கப் போனவரில்லை. சுடப்பட்டவரின் வீட்டார் அதே பாட்டைக் கேட்டால் என்ன நினைப்பர் என்ற கேள்விக்கு அவர் தொழிலில் இடமில்லை. அந்த வீட்டாரும் துப்பாக்கி வைத்திருப்பர் என்பதை அவர் அறிந்தே இருந்தார். மேடையில் இடுப்பில் கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டே பாடினார்.

போதைப்பொருள் கடத்தலைப் பாடிய முதல் ஆள் அவரல்லர். லோஸ் திக்ரெஸ் தெல் நோர்தே குழுவினர் 1974இல் பாடிய 'கொன்த்ராபாந்தோ இ திராயிசியோன்' என்ற பாடல்தான் அவ்வகையைப் பரப்பியது. கார்ச் சக்கரத்துக்குள் கஞ்சா மறைத்துச் செல்லும் ஓர் ஆணையும் பெண்ணையும் பற்றிய கற்பனைக் கதை அது. சாலினோவின் பாடல்களில் கற்பனை மாந்தர் பெரும்பாலும் இல்லை. அவற்றின் தலைவர்களுக்கு முகவரி உண்டு. வேறுபாடு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

1989இல், கேட்டவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பதினைந்து பாடல்களை ஒலிப்பதிவு செய்ய ஆங்கெல் பாரா என்பவரின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றார். உடன் வாசித்தது லோஸ் குவாத்ரோ தே லா ஃப்ரொந்தேரா என்ற நோர்தேஞோ குழு. அக்கார்டியனும் பாஹோ செக்ஸ்தோ எனும் பன்னிரு தந்திக் கிதாரும் அவ்விசையின் அடிப்படை. வேறொருவரைப் பாடவைக்கும் எண்ணத்தோடு போனவர் கடைசியில் தாமே பாடினார் என்பர். குரல் மூக்கால் வருவது; சுருதி விலகும்; மேல்நாதத்தில் கரகரக்கும். தாம் பாடவில்லை, குரைக்கிறேன் என்று அவரே சொல்லிக்கொள்வாராம். ஆனால் சினலோவா மலையில் பேசப்படும் மொழி, அதன் இழுப்போடும் கொச்சையோடும், மெருகேற்றப்படாமல் ஒலித்தது அந்தக் குரலில்தான். விற்பனை அவர் நோக்கமே இல்லை. ஒலிநாடாவைப் பெற்றவர்களின் நண்பர்கள் தங்களுக்கும் ஒன்று கேட்டபோதுதான் அதற்கொரு சந்தை இருப்பது புரிந்தது. ரொட்டிக்கடை, இறைச்சிக்கடை, கார் கழுவுமிடம், வாரச்சந்தை என்று அவரே கொண்டுபோய் விற்றார். பிறகு லாங் பீச் பகுதியில் சிந்தாஸ் அக்வாரியோ என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த பெத்ரோ ரிவேரா அவர் பாடல்களை வெளியிட்டார்.

வானொலி அப்பாடல்களைத் தொடவில்லை. அக்காலத்து லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பானிய வானொலி, மெருகேறிய காதற்பாடல்களையே விரும்பியது. நகரமோ மாறிக்கொண்டிருந்தது. 1986ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால் அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ 27 இலட்சம் பேர் குடியுரிமைக்கான வழியில் சட்டப்பூர்வ நிலை பெற்றனர். பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். ஒளிந்து வாழ்ந்தவர்கள் இப்போது நடனக்கூடத்துக்கு அச்சமின்றி வரமுடிந்தது. சவுத் கேட் நகரின் எல் பரால் போன்ற கூடங்கள் நிறைந்தன. இவர்களின் பிள்ளைகள், பள்ளியில் ராப் கேட்டு வளர்ந்தவர்கள், பெற்றோரின் இசையை நாட்டுப்புறத்தான் இசை என்று ஒதுக்கியவர்கள், சாலினோவின் ஒலிநாடாவைக் காரில் உரக்க வைக்கத் தொடங்கினர். தொப்பியைச் சாய்த்து வைப்பதும் பூட்ஸ் அணிவதும் நாகரிகமாயின. 1992ஆம் ஆண்டின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் வானொலிகள் அனைத்திலும், ஆங்கில நிலையங்களையும் சேர்த்து, முதலிடம் பெற்றது கேஎல்ஏஎக்ஸ் என்ற நிலையம். அது ஒலிபரப்பியது இந்த மெக்சிகோ வட்டார இசையை. அதைக் காணச் சாலினோ இல்லை.

1992 ஜனவரியில் கலிஃபோர்னியாப் பாலைவனத்து ஊரான கோசெல்லாவில் ஓர் உணவகத்தில் அவர் பாடிக்கொண்டிருந்தார். அவையிலிருந்து ஒருவர் மேடையேறி வந்து சுட்டார். விலாவில் குண்டு பாய்ந்த நிலையில் சாலினோவும் துப்பாக்கியை எடுத்துத் திருப்பிச் சுட்டார். கூட்டத்திலிருந்த ஓர் இளைஞர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தி வரை அது போயிற்று. தேறி எழுந்தபோது அவருடைய ஒலிநாடாக்கள் முன்னெப்போதும் இல்லாத அளவில் விற்றன. பாட்டில் சொன்னதை மேடையில் செய்துகாட்டியவர் என்று கொண்டாடினார்கள். இறந்த இளைஞரை நினைத்தவர்கள் மிகச் சிலர். இதுவும் வரலாற்றில் சேரவேண்டிய செய்திதான்.

நான்கு மாதங்களுக்குப் பின், மே 15 அன்று, குலியாகானில் சலோன் புகம்பிலியாஸ் என்ற கூடத்தில் பாடினார். பதினைந்து ஆண்டுகளுக்குமுன் தப்பியோடிய மண் அது. அன்றைய நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு இணையத்தில் பரவலாகக் காணக்கிடைக்கிறது. பாட்டுக்கிடையே யாரோ ஒரு சீட்டை நீட்டுகிறார்கள்; படிக்கிறார்; கசக்குகிறார்; நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாடலைத் தொடங்குகிறார். கொலை மிரட்டல் அதுதான் என்பது இன்று ஏறக்குறைய அனைவரும் நம்பும் செய்தி. இந்த இசை நிகழ்ச்சிகளில் இன்ன பாட்டு வேண்டும் என்று சீட்டு அனுப்புவது அன்றாட வழக்கம். சீட்டு எவரிடமும் இல்லை. முடிவு தெரிந்தபின் முகத்தைப் படிக்கிறோம். நிகழ்ச்சி முடிந்து காரில் செல்லும்போது, காவல்துறை அடையாள அட்டை காட்டிய ஆயுதமேந்திய சிலர் வழிமறித்து அவரை அழைத்துச் சென்றனர். மறுநாள் காலை, நெடுஞ்சாலைக்கருகே ஒரு பாசனக் கால்வாயோரம் உடல் கிடந்தது. பின்தலையில் இரண்டு குண்டுகள். கொன்றவர் யாரென்று இன்றுவரை நிறுவப்படவில்லை.

உடனே அவரைப் பற்றிய கொரிதோக்கள் பெருகின. அவருடைய குரலையும் உடையையும் போலி செய்து பாடிய இளைஞர்களுக்குச் 'சாலினிய்யோ' என்று ஒரு பெயரே ஏற்பட்டது. யாரும் தகவல் கொண்டுவந்து கொடுக்காத பாட்டுகள் அவை. நாளும் ஊரும் மட்டுமே எல்லாவற்றிலும் ஒத்திருந்தன.

பெத்ரோ ரிவேராவின் மகள் ஜென்னி ரிவேரா, தொண்ணூறுகளின் நடுவில், கடத்தல்காரனின் மகளே தன் கதையைச் சொல்வதாக 'லா சகலோசா' என்ற கொரிதோவை எழுதிப் பாடினார். ஆண்களின் பெயர்ப்பட்டியலாகவே இருந்த ஒரு வடிவத்துக்குள் அவர் நுழைந்த துணிவைப் பற்றித் தனியே எழுதவேண்டும். பாடகர் கொலைகளும் நிற்கவில்லை. 2006இல் வாலெந்தீன் எலிசால்தே ரெய்னோசாவில் நிகழ்ச்சி முடித்து வெளியேறியபோதே சுடப்பட்டார். 2023இல் பெசோ ப்ளூமா என்ற இளைஞர் இவ்வட்டார இசையை உலகப் பட்டியல்களின் உச்சிக்குக் கொண்டுசென்றார். அதே ஆண்டு திஹுவானாவில் அவர் பாடக்கூடாதென்று மிரட்டல் பதாகை தொங்கியது, நிகழ்ச்சி கைவிடப்பட்டது. அரசுகளின் தடைகள் எண்பதுகளிலிருந்தே வந்துபோகின்றன. 2025 ஏப்ரலில் டெஸ்கோகோ திருவிழாவில், அத்தகைய கொரிதோக்களைப் பாடமாட்டேன் என்று லூயிஸ் ஆர். கொன்ரிகேஸ் சொன்னபோது அவையோரே மேடையேறி இசைக்கருவிகளை உடைத்தனர். தடை பாடகரின் வாயை அடைக்கலாம். பாட்டுக்கு விலை கொடுப்பவரையும் விரும்பிக் கேட்பவரையும் அது எட்டுவதில்லை.

சாலினோவின் மகன் அதான், தந்தை இறந்தபோது எட்டு வயதுச் சிறுவன். வளர்ந்து அவரும் பாடகரானார். தந்தையின் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். கொரிதோவைவிடக் காதற்பாடல்களையே நாடினார். 2004 மார்ச்சில் ஹாலிவுட்டின் கோடாக் அரங்கில், ஆஸ்கார் விருது வழங்கும் அதே மேடையில், நிறைந்த அவையின்முன் பாடினார். ஒரு வாரம் கழித்துச் சினலோவாவில் கார் விபத்தில் இறந்தார். வயது பத்தொன்பது.