ஸனோபர் விதையும் சுலைமான் மலையும்

பைன் மரத்தை அரபியர் 'ஸனவ்பர்' என்பர். அதன் கூம்புக்குள் விளையும் பருப்பை ஷாம் நாட்டார் நெய்யில் பொன்னிறமாக வறுத்துச் சோற்றின் மீது தூவுவர். யூனானி ஹகீம்களோ 'ஹப்புஸ் ஸனோபர்' என்று மருந்தில் சேர்ப்பர்.

கிழக்கே ஆப்கானிய மலைகளில் விளையும் இனத்துக்குப் பாரசீக மொழியில் சில்கோஸா என்று பெயர். 1526இல் மொகலாய அரசை நிறுவிய பாபர், காபூலை அடுத்த நிஜ்ராவில் இம்மரங்கள் இருந்ததைத் தம் வரலாற்றில் குறித்துள்ளார். வணிகர் இதனை ஓட்டுடனேயே விற்பது வழக்கம். அதற்குக் காரணமுண்டு. பருப்பில் எண்ணெய் மிகுதி. ஓடு நீங்கியதும் காற்றும் வெப்பமும் பட்டு விரைவில் காறிப்போகும். ஆகவே ஓட்டுடன் வாங்கி, வேண்டும்போது உடைப்பதே நலம். உடைத்ததை இறுக மூடிய கலத்தில் இட்டுக் குளிர்பெட்டியில் வைக்கலாம். வாங்குமுன் ஒன்றை மென்று பார்த்தால், புதிதா பழையதா என்று நாவே சொல்லிவிடும்.

பருப்பை ஓடு காக்கிறது. மரத்தைக் காப்பவர் யார்? பாகிஸ்தானின் பலூசிஸ்தானில், ஷேரானி மாவட்டத்துச் சுலைமான் மலைத்தொடரில், 2022 மே மாதம் சில்கோஸாக் காடு பற்றி எரிந்தது. மூவர் மாண்டனர். ஈரான் தீயணைப்பு விமானம் அனுப்பி உதவிற்று. தீ மட்டுமன்று, பேராசையும் கேடே. இரண்டாம் ஆண்டில்தான் கூம்பு முற்றும். விலை கருதி அனைத்தையும் பறித்துவிட்டால், புதுக் கன்று முளைக்க விதையிராது.

நட்ட மரத்தில் பறவை உண்பதும் ஸதகாவாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த மார்க்கம் நம்முடையது. சில கூம்புகளைக் கிளையிலேயே விட்டுவைப்பவன், தான் காணப்போகாத தலைமுறைக்கு விருந்து வைக்கிறான் என்றே நாம் கருதுகிறோம்.