விமான நிலையத்தின் இணையப் பாதுகாப்பு: வூஸ்டர் முதல் பிரசல்ஸ் வரை

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ, தன் பாதுகாப்பு விதிகளை 17ஆம் பின்னிணைப்பாக 1974இல் ஏற்றபோது அதன் கவலையெல்லாம் விமானக் கடத்தல்தான். துப்பாக்கியோடு வருபவனை வாசலிலேயே மடக்க வேண்டும். கம்பி வழியே வருபவனுக்கு அந்த விதிகளில் இடமில்லை.

பத்தே ஆண்டுகளில் நிலைமை மாறத் தொடங்கியது. 1984 ஒலிம்பிக்கை ஒட்டி லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பொதுக் கவுண்டர் முறை வந்தது. ஒரே கணினியைக் காலையில் ஒரு நிறுவனமும் மாலையில் இன்னொரு நிறுவனமும் பயன்படுத்தலாம். இடமும் செலவும் மிச்சம். பல நிறுவனங்களின் பிழைப்பு ஒரே மென்பொருளை நம்பி நிற்கும் என்பதுதான் அதற்கான விலை. அந்த விலை தெரியவர வெகுகாலம் ஆனது.

முதல் எச்சரிக்கை ஒரு சிறிய விமான நிலையத்திலிருந்து வந்தது. 1997 மார்ச் 10 அன்று, பதின்பருவச் சிறுவன் ஒருவன் மோடம் வழியாகத் தொலைபேசி நிறுவனத்தின் கருவிக்குள் புகுந்து அதை முடக்கினான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலுள்ள வூஸ்டர் விமான நிலையத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம், தீயணைப்புப் பிரிவு, வானிலைச் சேவை ஆகியவற்றின் தொலைபேசிகள் ஆறு மணி நேரம் ஊமையாயின. இறங்க வரும் விமானி ரேடியோ சமிக்ஞையால் ஓடுபாதை விளக்குகளை எரியவிடும் வசதியும் போயிற்று. நல்லவேளை, விபத்து எதுவும் நேரவில்லை. அவன் நுழைந்தது விமான நிலையத்தின் கணினிக்குள் அல்ல என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

2016 ஜூலை 29 அன்று வியட்நாமின் நோய் பாய், டான் சன் நியட் விமான நிலையங்களில் ஊடுருவப்பட்ட தகவல் திரைகளும் ஒலிபெருக்கிகளும் தென்சீனக் கடல் தகராறு பற்றிய வசைகளைப் பரப்பின. ஊழியர்கள் கையால் செக்-இன் செய்தார்கள். 2018இல்தான் இணைய அச்சுறுத்தலிலிருந்து முக்கியக் கணினி அமைப்புகளைக் காப்பது 17ஆம் பின்னிணைப்பில் கட்டாயத் தரநிலை ஆனது. 2023 மார்ச்சில் அமெரிக்கா தன் விமான நிலையங்களுக்கு வலைப்பின்னல்களைப் பிரித்து வைக்க உத்தரவிட்டது.

உத்தரவு போதவில்லை. 2024 ஆகஸ்ட் 24 அன்று ரைசிடா என்ற பணயத்தாக்குதல் கும்பல் சியாட்டில்-டகோமா விமான நிலையத்தைத் தாக்கியது. திரைகள் இருண்டன, வைஃபை நின்றது, போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. சொந்தக் கணினி வைத்திருந்த அலாஸ்கா, டெல்டா நிறுவனங்கள் பெரும்பாலும் தப்பின. பொதுக் கவுண்டரை நம்பியிருந்த சிறிய நிறுவனங்களும் வெளிநாட்டு நிறுவனங்களுமே திண்டாடின. கும்பல் 100 பிட்காயின் கேட்டது. விமான நிலையத்தை நடத்தும் சியாட்டில் துறைமுக நிர்வாகம் கொடுக்க மறுத்தது. மறுத்தது சரிதான், ஆனால் சுமார் 90,000 பேருக்கு ‘உங்கள் தகவல் திருடுபோயிற்று’ என்று பின்னர் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

2025 செப்டம்பர் 19 இரவு, காலின்ஸ் ஏரோஸ்பேஸின் ‘மியூஸ்’ என்ற பொதுக் கவுண்டர் மென்பொருளே குறிவைக்கப்பட்டது. ஹீத்ரோ, பெர்லின், பிரசல்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் தடுமாறின. பிரசல்ஸில் திங்கட்கிழமை புறப்பாடுகளில் கிட்டத்தட்டப் பாதியை ரத்துசெய்யச் சொல்லிவிட்டார்கள். வூஸ்டரைப் போலவே இங்கும் உடைந்தது வெளியாள் வீட்டுப் பூட்டு. பொருளும் சேவையும் வழங்கும் நிறுவனங்களின் பாதுகாப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்லும் ஐரோப்பியச் சட்டம் பெல்ஜியத்தில் அமலுக்கு வந்து அப்போது 11 மாதங்கள் ஆகியிருந்தன.